டிப்ளமா இருக்கு, பிஇ பாதில நிக்குது, சர்டிபிகேட்டும் கைல இருக்கு, டிகிரியை எப்படி முடிக்கறது?

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், கேள்வியை நானே சுருக்கி சொல்லிடறேன். 2018ல டிப்ளமா கம்ப்யூட்டர் முடிச்சிட்டு லேட்டரல் என்ட்ரில பிஇ ஐடி ரெண்டாம் வருஷம் சேந்திருக்கார். மூணு, நாலு, அஞ்சு செமஸ்டர் எழுதினதுக்கு அப்புறம் 2020 ஆரம்பத்துல அப்பாவுக்கு ஒடம்பு முடியாம போச்சு, கொஞ்ச நாள்ல கொரோனாவும் வந்துச்சு, காலேஜை நிறுத்திட்டு ஓசூர்ல சிஸ்டம் சப்போர்ட் வேலைக்கு வந்துட்டார். நாலு அரியர் நிக்குது. வேலைல இருந்துக்கிட்டே சிஸ்கோவோட நெட்வொர்க் சர்டிபிகேட் சிசிஎன்ஏ பாஸ் பண்ணியிருக்கார், அமேசானோட ஏடபிள்யூஎஸ் க்ளவுட் ப்ராக்டிஷனர் பண்ணியிருக்கார், 2023ல ஐஐடிங்க நடத்தற ஆன்லைன் கோர்ஸ் என்பிடெல்ல ரெண்டு எழுதி பாஸ். இப்ப டீம் லீட் இன்டர்வியூக்கு போற எடத்துல எல்லாம் டெக்னிக்கல் ரவுண்டு தாண்டிடறார், கடைசில ஹெச்ஆர் "டிகிரி இருக்கா"ன்னு கேட்டு அதோட நிறுத்திடறாங்க. அமெரிக்கால ஒருத்தர் கைல இருந்த சர்டிபிகேட்டை எல்லாம் க்ரெடிட்டா, அதாவது டிகிரி கணக்குல சேர்ற படிப்பு புள்ளியா மாத்தி ஆறு மாசத்துல டிகிரி வாங்கின வீடியோவைப் பாத்துட்டு, "அண்ணா, எனக்கும் அப்படி வழி இருக்கா, இல்ல நான் படிச்சதெல்லாம் வீணா"ன்னு கேக்கறார்.

வீணாகலை தம்பி. ஆனா நீங்க எழுதின வரிசையைப் பாருங்க, சிசிஎன்ஏவையும் ஏடபிள்யூஎஸ்ஸையும் நாலு வரி எழுதியிருக்கீங்க, டிப்ளமாவை போற போக்குல ஒரு வார்த்தைல விட்டுட்டீங்க. நம்ம நாட்டுல டிகிரின்னு வரும்போது கணக்கு தலைகீழ். உங்க கைல இருக்கறதுலயே பெரிய காசு அந்த மூணு வருஷ டிப்ளமாதான், அது காலாவதி ஆகாது. சிசிஎன்ஏவுக்கு மூணு வருஷம்தான் ஆயுசு, க்ளவுட் ப்ராக்டிஷனருக்கும் மூணு வருஷம்தான்.

நான் காவேரிப்பட்டணம். 2003ல பாலிடெக்னிக் முடிச்சு, ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனி சர்வர் ரூம்ல ஒம்பது வருஷம் டிப்ளமாவோடயே ஓட்டிட்டு அப்புறம்தான் தொலைதூரத்துல படிக்கற இக்னோ யுனிவர்சிட்டில பிசிஏ சேந்தேன், மூணு வருஷ கோர்ஸை அஞ்சு வருஷத்துல முடிச்சேன். அதுக்கப்புறம் இந்த பக்கத்துல டிகிரி பாதில விட்ட பசங்க பொண்ணுங்க நெறைய பேருக்கு ஞாயித்துக்கிழமை உக்காந்து அப்ளிகேஷன் ஃபில் பண்ணி குடுத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல அந்த அமெரிக்கா விஷயத்தை முடிச்சிடலாம். வீடியோல சொன்னது பொய் இல்ல. அங்க வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்குது, 19 மாநில கவர்னர்கள் சேந்து 1997ல ஆரம்பிச்சது, தலைமை யூட்டா மாநிலத்துல. அங்க பீஸ் பாடத்துக்கு இவ்வளவுன்னு இல்ல, ஆறு மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை, அந்த ஆறு மாசத்துல எத்தனை பேப்பர் முடிச்சாலும் அதே காசுதான், அதனால வேலைல அனுபவம் இருக்கறவங்க வேகமா முடிச்சிடறாங்க. ஐடி டிகிரில காம்ப்டியா ஏ ப்ளஸ் மாதிரி வெளி சர்டிபிகேட் பரீட்சையே பாடத்துக்குள்ள இருக்குது, முன்னாடியே பாஸ் பண்ணியிருந்தா அந்த பேப்பரை கழிச்சிடுவாங்க. தாமஸ் எடிசன், எக்செல்சியர், சார்ட்டர் ஓக்னு இன்னும் மூணு காலேஜ் பேரு அடிபடும், அவங்களும் வெளில சம்பாதிச்ச க்ரெடிட்டை தாராளமா எடுத்துக்கறவங்க. இது எல்லாத்துக்கும் அடில என்ன இருக்குதுன்னா, அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன்னு ஒரு அமைப்பு, ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் பரிசீலிச்சு இதுக்கு இத்தனை காலேஜ் க்ரெடிட் தரலாம்னு சிபாரிசு எழுதி வெக்குது, யுனிவர்சிட்டிங்க அதைப் பாத்து முடிவு பண்ணிக்கறாங்க. அந்த சிபாரிசு அங்க பல வருஷமா வேர் விட்டிருக்குது. ஆனா அந்த முதல்ல சொன்ன யுனிவர்சிட்டி அமெரிக்கால குடியிருக்கறவங்களைத்தான் பொதுவா சேத்துக்கும். பாலக்கோட்டுல உக்காந்துக்கிட்டு சேர முடியாது. மத்ததுல சேர்றதா இருந்தாலும் டாலர் பீஸ் கட்டி, வாங்கின டிகிரியை இங்க அரசு வேலைக்கோ மேல்படிப்புக்கோ காட்டினா இந்திய டிகிரிக்கு இது சமம்னு சமநிலை சான்று கேப்பாங்க, ஆன்லைன்ல வாங்கின வெளிநாட்டு டிகிரிக்கு அது லேசுல கிடைக்காது. உங்க பெரியப்பா பையன் டெக்சாஸ்ல இருக்கார்னு எழுதியிருக்கீங்க, அவருக்கு இது நல்ல வழி. உங்களுக்கு இல்ல.

சரி, இங்க என்ன இருக்குது. க்ரெடிட்டுங்கற கணக்கு இங்கயும் வந்தாச்சு. 2023ல வந்த தேசிய க்ரெடிட் வரையறைப்படி 30 மணி நேர படிப்புக்கு ஒரு க்ரெடிட், ஒரு வருஷத்துக்கு 40, மூணு வருஷ டிகிரிக்கு 120. அந்த க்ரெடிட்டை போட்டு வெக்க 2021ல அகாடமிக் பேங்க் ஆஃப் க்ரெடிட்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சுருக்கமா ஏபிசி, டிஜிலாக்கர் வழியா அக்கவுண்ட் தொறக்கலாம். பேங்க்ல பணம் போடற மாதிரி ஒரு காலேஜ்ல வாங்கின க்ரெடிட் அதுல ஏறும், இன்னொரு காலேஜ் ஒத்துக்கிட்டா அங்க எடுத்து காட்டலாம், அதிகபட்சம் 7 வருஷம் செல்லும், டிகிரி குடுக்கற காலேஜ்ல பாதி க்ரெடிட்டாவது படிச்சிருக்கணும். கேக்க ரொம்ப நல்லா இருக்குது இல்ல? உங்க விஷயத்துல ரெண்டு எடத்துல இடிக்குது. 2021-22 கல்வியாண்டுல இருந்து வாங்கின க்ரெடிட்தான் அதுல ஏறும், உங்க மூணு செமஸ்டரும் அதுக்கு முன்னாடி. அப்புறம் அதுல பதிவு பண்ணின கல்வி நிறுவனம் ஏத்தினாத்தான் ஏறும், சிஸ்கோவும் அமேசானும் குடுத்த சர்டிபிகேட்டை நீங்களா போய் அதுல போட முடியாது. உங்ககிட்ட இருக்கறதுல அதுல ஏறக்கூடியது அந்த என்பிடெல் ரெண்டும் மட்டும்தான், அதுவும் பதிவு பண்ணும்போது ஏபிசி நம்பர் குடுத்திருந்தா சுலபம், இன்னிக்கே டிஜிலாக்கர்ல பாருங்க.

பிஇ பாதில நிக்கறதைப் பத்தி நெறைய பேர் தப்பா நம்பிக்கிட்டு இருக்காங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். அண்ணா யுனிவர்சிட்டி ரெகுலேஷன்ல முதல் வருஷம் சேந்தவங்களுக்கு மொத்தம் 7 வருஷம், லேட்டரல்ல சேந்தவங்களுக்கு 6 வருஷம், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும். நீங்க 2018ல சேந்தீங்க, 2024ஓட அது முடிஞ்சு போச்சு. "அண்ணா, யுனிவர்சிட்டி ஸ்பெஷல் அரியர் சான்ஸ் விடும்ல, அப்ப எழுதிக்கலாம்ல"ன்னு கேக்கறீங்க. அந்த மாதிரி சிறப்பு வாய்ப்பு முன்னாடி அறிவிச்சிருக்காங்க, உண்மைதான், பல வருஷம் முன்னாடி படிச்சவங்க கூட வந்து எழுதி பாஸ் பண்ணிட்டு போனாங்க. ஆனா அது எட்டு செமஸ்டரும் க்ளாஸ் போய் முடிச்சிட்டு பேப்பர் மட்டும் பாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு. உங்களுக்கு ஆறு, ஏழு, எட்டு மூணு செமஸ்டர் க்ளாஸே பாக்கி. அரியர் வேற, டிஸ்கன்டினியூ வேற. இந்த ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக்கிட்டு அடுத்த அறிவிப்பு வரும் வரும்னு மூணு நாலு வருஷம் காத்திருந்த பசங்களை எனக்கு தெரியும், அந்த நேரத்துல புதுசா ஒரு டிகிரியே முடிச்சிருக்கலாம், மனசு வலிக்குது.

காலேஜை விட்டு ஒரு வருஷம் ரெண்டு வருஷம்தான் ஆச்சுன்னு இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா உடனே பழைய காலேஜ் ஆபீசுக்கு போங்க, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியா திரும்ப சேர்ற ரீஅட்மிஷன் வழி இருக்குது, சிலபஸ் மாறியிருந்தா ரெண்டு மூணு பேப்பர் கூடுதலா எழுத சொல்வாங்க, அவ்வளவுதான். அந்த கதவு தொறந்திருக்கற வரைக்கும் அதை விட நல்ல வழி கிடையாது.

இப்ப உங்களுக்கு என்னென்ன வழி இருக்குதுன்னு பாக்கலாம்.

டிப்ளமாவை வெச்சு திரும்ப லேட்டரல்ல பிஇ ரெண்டாம் வருஷம் சேரலாம், மூணாவது செமஸ்டர்ல இருந்து முழுசா மூணு வருஷம். நம்ம பக்கமே பர்கூர்ல அரசு பொறியியல் கல்லூரி 1994ல இருந்து இருக்குது, தர்மபுரி செட்டிக்கரைல 2013ல வந்தது, ரெண்டுலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்குது, பீஸும் தனியாரோட ஒப்பிடவே முடியாது. ஆனா பகல் க்ளாஸ், வேலையை விடணும். அப்பா மருந்து செலவு உங்க சம்பளத்துல ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால இதை உங்ககிட்ட வற்புறுத்த எனக்கு மனசு வரலை. வேலை பாக்கறவங்களுக்குன்னு தனி பேட்ச் நடத்த, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு ஏஐசிடிஇ 2023-24ல இருந்து காலேஜ்களுக்கு அனுமதி குடுக்குது, டிப்ளமா முடிச்சு அனுபவம் இருக்கறவங்க சாயங்காலமோ வார கடைசிலயோ படிக்கற மாதிரி, வேலை பாக்கற எடம் காலேஜ்ல இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள இருக்கணும். சேலம் அரசு பொறியியல் கல்லூரில பார்ட் டைம் பிஇ ரொம்ப நாளா நடக்குது. உங்க ப்ராஞ்ச் அந்த வருஷம் இருக்கான்னு அறிவிப்புல பாத்துக்கணும், ஓசூர்ல ஷிப்ட் முடிச்சிட்டு சேலத்துக்கு சாயங்கால க்ளாஸுக்கு போறது ஒடம்பு தாங்காது, அதையும் யோசிங்க.

"தபால்ல பிஇ தர்றோம், பிடெக் தர்றோம்"னு யார் சொன்னாலும் அந்த எடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க. அப்படி ஒண்ணு கிடையாது. நிகர்நிலை பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழில குடுத்த இன்ஜினியரிங் பட்டம் செல்லாதுன்னு 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, பதினஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டவங்க கூட அதுல மாட்டிக்கிட்டாங்க. பிஎஸ்சி, பிசிஏ தொலைதூரத்துல படிக்கலாம், பிஇ படிக்க முடியாது, இதை மனசுல வெச்சுக்கங்க.

ஹெச்ஆர் கேக்கறது ஒரு டிகிரிதான், பிஇதான் வேணும்னு அவங்க சொல்லலை. அதனால உங்களுக்கு நான் சொல்றது ரெண்டுல ஒண்ணு.

ஒண்ணு இக்னோ பிசிஏ. குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம், ஜூன்லயும் டிசம்பர்லயும் பரீட்சை, பத்தாவதுக்கு அப்புறம் படிச்ச மூணு வருஷ டிப்ளமாவை ப்ளஸ் டூவுக்கு சமமா எடுத்துக்குவாங்க. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டில பாஸ் பண்ணின பேப்பருக்கு க்ரெடிட் ட்ரான்ஸ்பர் கேட்டு அப்ளிகேஷன் போடவும் இடம் இருக்குது, உங்க மூணு செமஸ்டர்ல பாஸ் பண்ணின பேப்பர்ல எது எது அவங்க சிலபஸோட ஒத்துப் போகுதோ அதுக்கு. எல்லாத்துக்கும் கிடைக்கும்னு நெனைக்காதீங்க, ரெண்டு மூணு பேப்பர் கிடைச்சாலே ஒரு பரீட்சை சீசன் மிச்சம். நான் படிக்கும்போது என்னை காப்பாத்தினது அந்த 6 வருஷ அவகாசம்தான். எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த டிசம்பர்ல நான் ஒரு பேப்பர் கூட எழுதலை, அடுத்த ஜூன்ல எழுதினேன், யாரும் ஏன்னு கேக்கலை. அதே சமயம் அந்த அவகாசமே ஆளை கவுத்தும் விட்டுடும். அசைன்மெண்டை கையால எழுதி குடுக்கணும், கடைசி தேதிக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கொசுவத்தி ஏத்தி வெச்சுக்கிட்டு டேட்டா ஸ்ட்ரக்சர் அசைன்மெண்ட் எழுதினது இன்னும் கண்ணுல நிக்குது, கை வலில பேனாவை பிடிக்க முடியாம மனைவிதான் கோடு போட்டு பக்க நம்பர் எழுதி குடுத்தாங்க.

இன்னொண்ணு ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ், 2020ல ஆரம்பிச்சது. இதைத்தான் நான் உங்களுக்கு அழுத்தி சொல்லுவேன், காரணத்தையும் சொல்றேன். ஜேஇஇ எல்லாம் வேண்டாம், மூணு வருஷ டிப்ளமா போதும், பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும், முதல்ல நாலு வாரம் பாடம் நடத்தி ஒரு குவாலிஃபையர் பரீட்சை வெப்பாங்க, அதுல பாஸானா உள்ள. ஃபவுண்டேஷன்ல எட்டு பாடம், கணக்கு ரெண்டு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டு, இங்கிலீஷ் ரெண்டு, கம்ப்யூட்டேஷனல் திங்கிங், பைத்தான். அதுக்கப்புறம் இந்த கோர்ஸுக்குள்ளயே டிப்ளமா லெவல்னு ஒரு படி, அப்புறம் 114 க்ரெடிட்ல பிஎஸ்சி, 142 க்ரெடிட்ல நாலு வருஷ டிகிரியான பிஎஸ். எந்த படில நிறுத்தினாலும் அந்த படிக்கு உண்டான சான்று கைல குடுத்துடறாங்க. உங்களுக்கு ஒரு தடவை பாதில நின்னு எல்லாம் போச்சு. அந்த நிலைமை திரும்ப வராத மாதிரி கட்டின படிப்பு இது, வீட்டு சூழ்நிலை எப்ப என்ன ஆகும்னு தெரியாத நம்ம மாதிரி குடும்பத்துக்கு இதை விட பெரிய விஷயம் எனக்கு தெரியலை. பீஸும் எடுக்கற பாடத்துக்கு மட்டும் கட்டினா போதும், வருஷத்துக்கு ஜனவரி, மே, செப்டம்பர்னு மூணு டெர்ம், முடியாத டெர்ம்ல ஒரே ஒரு பாடம் எடுத்துக்கலாம். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரைக்கும் பீஸ் சலுகை இருக்குது, அதுக்கு வருமானச் சான்று வேணும், இ சேவை மையத்துல இப்பவே அப்ளை பண்ணி வெச்சுக்கங்க. பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதணும், ஞாயித்துக்கிழமைலதான் இருக்கும், ஓசூர்ல இருந்து பெங்களூர் நாப்பது கிலோமீட்டர்தானே, காலைல கெளம்பினா போய் எழுதிட்டு வந்துடலாம்.

கஷ்டத்தையும் சொல்லிடணும். அந்த கணக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் லேசு இல்ல. போச்சம்பள்ளி பொண்ணு ஒருத்தி, ஓசூர்ல ஆபரேட்டரா வேலை பாத்துக்கிட்டே சேந்தா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டாவது பாடத்துல ரெண்டு தடவை போச்சு, அழுதுக்கிட்டே போன் பண்ணா. மூணாவது தடவை கம்பெனி பஸ்ல போக வர ஒன்றரை மணி நேரமும் பழைய கேள்வித்தாளை போன்ல போட்டு பாத்துக்கிட்டே போவா, பக்கத்துல உக்காந்திருக்கற அக்கா ஒருத்தங்க போனை பிடிச்சுக்குவாங்களாம், இவ நோட்டுல போட்டு பாப்பா. பாஸ் பண்ணிட்டா. இப்ப டிப்ளமா லெவல்ல இருக்கா.

இங்கதான் உங்க சர்டிபிகேட்டோட வேலை வருது. சிசிஎன்ஏவை காட்டி ஒரு பேப்பரை கழிக்க முடியாது, ஆனா சிசிஎன்ஏ படிச்ச மண்டை உங்ககிட்டதான் இருக்குது. நெட்வொர்க் பேப்பருக்கு மத்தவங்க ரெண்டு மாசம் படிக்கறதை நீங்க ரெண்டு வாரத்துல படிச்சிடுவீங்க, லினக்ஸ் கமாண்டு பாடத்துல நீங்க தினம் வேலைல அடிக்கறதைத்தான் கேப்பாங்க. அந்த மிச்ச நேரத்தை கணக்குக்கு குடுங்க. என்பிடெல்லை மட்டும் விடாதீங்க, நம்ம சிஸ்டத்துல க்ரெடிட்டா மாறக்கூடிய ஆன்லைன் கோர்ஸ் அதுதான், 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 க்ரெடிட், பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் 1000 ரூபாய். என்பிடெல் கோர்ஸ் எல்லாம் இருக்கற மத்திய அரசு தளம் ஸ்வயம், அந்த ஸ்வயம் கோர்ஸ் மூலமா ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் பாடம் வரைக்கும் ஏத்துக்கலாம்னு யுஜிசி 2021லயே விதி போட்டுடுச்சு. ஏத்துக்கலாம்னுதான் இருக்குது, காலேஜ் ஒத்துக்கணும். அதனால கோர்ஸ் முடிச்சிட்டு போய் கேக்காதீங்க, எங்க சேர்றீங்களோ அங்க எந்த கோர்ஸை ஏத்துக்குவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் பரீட்சைக்கு பணம் கட்டுங்க. ஐஐடி பிஎஸ்லயும் டிகிரி லெவலுக்கு வந்ததும் என்பிடெல் க்ரெடிட்டை கொஞ்சம் ஏத்துக்கறாங்க. சிசிஎன்ஏ காலாவதி ஆகப் போகுதுன்னா வேலைக்கு தேவைப்பட்டா மட்டும் புதுப்பிங்க, டிகிரிக்காக அந்த காசை செலவு பண்ணாதீங்க.

ஐஐடி தவிர மத்த யுனிவர்சிட்டில டிகிரி எங்க சேந்தாலும், தொலைதூரம்னாலும் ஆன்லைன்னாலும், யுஜிசியோட தொலைதூரக் கல்வி பிரிவு வெப்சைட்ல அந்த யுனிவர்சிட்டி, அந்த கோர்ஸ், நீங்க சேர்ற அந்த வருஷ சீசன் மூணும் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. போன வருஷம் அனுமதி இருந்தது இந்த வருஷம் இல்லாம போகும். 2024ல இருந்து அந்த பிரிவோட வெப்சைட்ல டெப் ஐடின்னு ஒரு நம்பர் எடுத்துத்தான் சேரணும், மாணவரே எடுக்கணும், அதுக்கும் ஏபிசி நம்பர் வேணும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க பணம் மட்டும் கட்டுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு வயித்தை கலக்கும். அங்கீகாரம் இருக்கற தொலைதூர, ஆன்லைன் டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு யுஜிசி 2022ல அறிவிச்சிருக்குது, கம்பெனில யாராவது மட்டமா பேசினா இதை சொல்லுங்க. தமிழ்நாடு அரசு வேலை யோசனை இருந்தா பத்தாவது, ப்ளஸ் டூ அல்லது அதுக்கு சமமானது, அதுக்கு மேல டிகிரிங்கற வரிசை முக்கியம், அதுக்கும் உங்க டிப்ளமாதான் காப்பாத்தும்.

ஒன் சிட்டிங் டிகிரின்னு ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் நோட்டீஸ் ஒட்டியிருக்குது, ஒரே தடவை உக்காந்து மூணு வருஷத்தையும் எழுதறதாம். என்கூட வேலை பாத்த ஒருத்தர், ரொம்ப நல்ல மனுஷர், தங்கச்சி கல்யாண கடன்ல இருந்தவர், நல்ல சம்பளம் வரும்னு நம்பி நகையை அடகு வெச்சு ஒரு ஏஜென்ட்கிட்ட கட்டினார். சர்டிபிகேட் வந்துச்சு, சீல் எல்லாம் பளபளன்னு. பெங்களூர்ல பெரிய கம்பெனில வேலையும் கிடைச்சுது. மூணாவது மாசம் பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்ல அந்த ரிஜிஸ்டர் நம்பரே எங்க கணக்குல இல்லைன்னு யுனிவர்சிட்டில இருந்து பதில் வந்துடுச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஐடி கார்டை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. பழைய வேலைக்கும் திரும்ப வர முடியலை. அவர் டிப்ளமாவோட இருந்திருந்தா இன்னிக்கு என் எடத்துல அவர்தான் இருந்திருப்பார். அந்த வழியை மட்டும் கனவுல கூட நெனைக்காதீங்க தம்பி.

கடைசியா பேப்பர். இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும், ஏன்னா எந்த வழில போனாலும் இதுல தடுக்கித்தான் பசங்க நிக்கறாங்க. டிப்ளமாவோட செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாம், டிப்ளமா சர்டிபிகேட், டிசி, பத்தாவது மார்க் ஷீட், பிஇ மூணு செமஸ்டரோட மார்க் ஷீட், அந்த செமஸ்டர் சிலபஸ், இது எல்லாம் கைல இருக்குதா? நான் இக்னோ அப்ளிகேஷன் போடும்போது பரண் மேல ஜவுளிக்கடை மஞ்சப்பைல வெச்சிருந்ததை எடுத்து விரிச்சேன், மூணாவது செமஸ்டர் மார்க் ஷீட்டோட ஓரத்தை கரையான் தின்னு பாதி ரிஜிஸ்டர் நம்பரே இல்ல. பாலிடெக்னிக் ஆபீஸ்ல போய் நின்னேன், அங்க இருந்த வயசான க்ளார்க் சிவப்பு துணி அட்டை போட்ட லெட்ஜரை எடுத்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமா திருப்பி, என் பேரு மேல வெரலை வெச்சு "இதானே நீ"ன்னு கேட்டார். டூப்ளிகேட் கைக்கு வர நாலு மாசம் ஆச்சு, அந்த சீசன் அட்மிஷன் போச்சு. தொலைஞ்சிருந்தா தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல தொலைந்த ஆவண அறிக்கை வீட்ல இருந்தே எடுத்துக்கலாம், அதை வெச்சு டூப்ளிகேட்டுக்கு எழுதி போடுங்க. லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சா போதும்.

பிஇ காலேஜ்ல பாக்கி பீஸுக்கு டிசியையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு கடைசி வரில எழுதியிருக்கீங்க. ஒரிஜினலை பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018 அக்டோபர்லயே அறிவிப்பு போட்டிருக்குது, சர்டிபிகேட் ஒண்ணும் விக்கற வாங்கற சரக்கு இல்ல, அதை பாக்கிக்கு பிடிச்சு வெக்க உரிமை இல்லைன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டும் பல தடவை சொல்லியிருக்குது. சண்டைக்கு போகாதீங்க, பிரின்சிபல் பேருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, எந்த வருஷம் சேந்தேன், எப்ப நிறுத்தினேன், என்னென்ன ஒரிஜினல் உங்ககிட்ட இருக்குது, மேல்படிப்புக்கு தேவைப்படுது, இவ்வளவுதான். நேர்ல குடுத்து ஒரு காப்பில சீல் போட்டு தேதியோட கையெழுத்து வாங்கிக்கங்க, வாங்க மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. நான் உதவி பண்ணின ஒரு பையனுக்கு அந்த லெட்டர் போய் சேந்து ரெண்டே வாரத்துல கூப்பிட்டு குடுத்துட்டாங்க. குடுக்கலைன்னா அந்த சீல் போட்ட காப்பிதான் அடுத்து மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல குடுக்கற மனுவுக்கு ஆதாரம், தர்மபுரி கோர்ட் வளாகத்துலயே இருக்குது, பீஸ் கேக்க மாட்டாங்க.

திங்கக்கிழமை ஒரு நாள் லீவு போடுங்க. லெட்டரை குடுத்துட்டு, அதே ஆபீஸ்ல உங்க ரெகுலேஷன் சிலபஸ் காப்பிக்கும் எழுதி குடுத்துட்டு வந்துடுங்க. மூணு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பேப்பர் கோடு தெளிவா தெரியற மாதிரி. இக்னோல எது எது ஒத்துப் போகுதுன்னு நான் ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்து சொல்றேன், அதைப் பாத்துட்டு எந்த பக்கம்னு முடிவு பண்ணிக்கலாம்.